செடர் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்: பஸ்கா மேசையில் என்ன இருக்கும், ஏன் இருக்கும்?

கேட்டவர் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் யூத நண்பர், பஸ்கா முதல் நாள் இரவு தன் வீட்டு விருந்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறாராம். “தட்டில் எலும்பு, முட்டை, கசப்புக் கீரை எல்லாம் வைப்பார்கள் என்று படித்தேன். எதற்காக? நாங்கள் சைவம், சாப்பிட ஏதாவது இருக்குமா? வெறுங்கையோடு போக மனசில்லை, இட்லி செய்து எடுத்துப் போகலாமா?” என்பது கேள்வி.

இட்லி வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அது சுவாரசியமான காரணம். ஆனால் கட்டாயம் போங்கள். நான் ஒரே வீட்டு செடருக்குப் பல வருஷமாகப் போய் வருகிறேன். அந்த இரவு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுக்கிறார்கள். மோசே போய்க் கேட்டும் பார்வோன் அவர்களை விட மறுக்கிறான். பத்து வாதைகள் வருகின்றன. கடைசி வாதையில் எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகிறார்கள். வாசல் நிலையில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளைச் சாவு கடந்து போகிறது. ‘கடந்து போவது’ என்பதுதான் எபிரேயத்தில் பெசாஹ், நம் வேதாகமத் தமிழில் பஸ்கா. அன்று இரவே கிளம்ப வேண்டியதாகிறது. பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரம் இல்லை. வேதாகமத்தின் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் மெனுவே இருக்கிறது: நெருப்பில் சுட்ட ஆட்டிறைச்சி, புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை. இந்த மூன்றும்தான் அஸ்திவாரம். மற்றதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

பஸ்கா இஸ்ரேலில் 7 நாள், வெளிநாட்டு யூதர்களுக்கு வழக்கமாக 8 நாள். முதல் இரவு விருந்துக்குப் பெயர் செடர். செடர் என்றால் வரிசை, ஒழுங்கு. மொத்தம் 15 படிகள். ஹகாடா என்ற சிறு புத்தகத்தை ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டு, வாசித்துக்கொண்டே படிப்படியாகப் போவார்கள். சாப்பாடு வருவது 11-ஆவது படியில். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சூப் வர ஒன்பதுகூட ஆகலாம். குழந்தைகளுக்குச் சாயங்காலமே ஏதாவது கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

அவ்வளவு நேரம் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். அந்த மேசையே குழந்தைகளைக் கேள்வி கேட்க வைப்பதற்காகப் போடப்பட்டது. இது என் ஊகம் இல்லை, பழைய யூத ஆசான்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதே சொல்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் காரணமே இல்லாமல் ஒரு கீரையை எடுத்து உப்புத் தண்ணீரில் தோய்ப்பது எதற்கு? குழந்தை பார்த்துவிட்டு ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும் என்பதற்கு. அந்தக் காலத்து ரப்பி (யூத மதகுரு) அகிவா பஸ்காவுக்கு முந்தின சாயங்காலம் பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம், அவர்கள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேள்வி கேட்க. மேசையில் இருப்பவர்களில் வயதில் சின்னவர் எழுந்து ‘மா நிஷ்டனா’ என்று தொடங்கும் கேள்விகளைப் பாட வேண்டும். ‘மற்ற எல்லா இரவுகளையும் விட இந்த இரவு ஏன் வேறு மாதிரி இருக்கிறது?’ என்பது அதன் முதல் வரி. வீட்டில் குழந்தை இல்லையென்றால் மனைவி கேட்க வேண்டும். தனி ஆளாக இருந்தால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி இல்லாமல் செடர் இல்லை.

உங்கள் பெண்ணோ பையனோதான் அந்த மேசையில் சின்னவர் என்றால், வரிகளைத் தமிழில் படிக்கச் சொன்னாலும் சொல்வார்கள். நான் போகும் வீட்டில் ஒரு வருஷம் விருந்தாளிகளின் மொழிகள் எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. தமிழில் நான்தான் கேட்டேன்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் மாட்சா, அதாவது புளிப்பில்லாத அப்பம். மாவும் தண்ணீரும் மட்டும். உப்புகூடக் கிடையாது. மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிஷத்துக்குள் பிசைந்து, தேய்த்து, அடுப்பில் வெந்து முடிந்திருக்க வேண்டும். 18 தாண்டினால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிசைவதற்கு ஒரு இரவு முழுக்க ஆற வைத்த தண்ணீரைத்தான் எடுப்பார்கள், சூடு இருந்தால் சீக்கிரம் புளித்துவிடும் என்று. தேய்த்த மாவில் வரிசை வரிசையாக ஓட்டை போடுவது பூரி மாதிரி உப்பாமல் இருக்க. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கோதுமை அறுவடையிலிருந்தே அதன் மேல் தண்ணீர் படாமல் காவல் இருந்து செய்த மாட்சாதான் செடருக்கு வேண்டும் என்பார்கள். அது பெரும்பாலும் கையால் செய்தது, வட்டமாக, ஓரம் கருகி, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கடையில் சதுரமாக அட்டைப் பெட்டியில் வருவது இயந்திரத்தில் செய்தது. 1838-இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மாட்சா இயந்திரம் வந்தபோது, அது செல்லுமா செல்லாதா என்று ரப்பிகள் பல வருஷம் சண்டை போட்டார்கள். கையால் மாட்சா தேய்த்துப் பிழைத்த ஏழைகளின் கூலி போய்விடுமே என்பதும் எதிர்த்தவர்கள் சொன்ன ஒரு காரணம்.

ருசி? வாட்டிய காய்ந்த சப்பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பில்லாத அப்பளம் என்றும் சொல்லலாம். வாயில் ஒட்டும், தொண்டையில் அடைக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வேதாகமத்தின் உபாகமம் அதைச் சிறுமையின் அப்பம் என்கிறது. செடரின் தொடக்கத்தில் வீட்டுப் பெரியவர் அதை உயர்த்திக் காட்டி, எபிரேயத்தில் இல்லாமல் அரமேயத்தில், அதாவது அந்தக் காலத்துச் சாமானியர்கள் பேசிய மொழியில் சொல்வார்: ‘எகிப்தில் நம் முன்னோர் தின்ற ஏழ்மையின் அப்பம் இது. பசித்தவர் யாரும் வந்து சாப்பிடட்டும்.’ உங்களைக் கூப்பிட்டது வெறும் மரியாதைக்காக இல்லை என்று அப்போது புரியும். அந்த வரி அவர்கள் மேல் ஒரு கடமை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடிமையாக இருந்தபோது தின்ற ரொட்டி இது. விடுதலையாகிப் புறப்பட்ட அவசரத்தில் சுட்ட ரொட்டியும் இதுவே. இரண்டு அர்த்தமும் ஒரே துண்டில். சாயங்காலம் தொடக்கத்தில் அது அடிமைத்தனத்தின் அப்பமாக மேசைக்கு வருகிறது, கதை சொல்லி முடித்த பிறகு விடுதலையின் அப்பமாக வாய்க்குப் போகிறது. மாவிலும் தண்ணீரிலும் ஒன்றும் மாறவில்லை, நடுவில் கதை ஒன்று சொல்லப்பட்டது, அவ்வளவுதான். எனக்கு இந்தப் பண்டிகையில் மிகவும் பிடித்த இடம் இது.

நடுவில் இருக்கும் தட்டில் என்னென்ன என்று கேட்டீர்கள். கார்பாஸ் என்பது பச்சைக் கீரை, பெரும்பாலும் பார்ஸ்லி. வசந்தம் பிறந்ததற்கு அது அடையாளம், அதைத் தோய்க்கும் உப்புத் தண்ணீர் கண்ணீர். குளிரில் பச்சை முளைக்காத கிழக்கு ஐரோப்பாவில் அவித்த உருளைக்கிழங்கே கார்பாஸ் ஆனது. மாரோர்தான் கசப்பு. பல வீடுகளில் ரோமெய்ன் லெட்டூஸ் கீரை. முதல் கடியில் இனிப்பாகத் தொடங்கி அடித்தண்டில் கசக்கும். எகிப்தும் அப்படித்தான், முதலில் விருந்தாளியாக வரவேற்று அப்புறம் அடிமையாக்கியது என்று பழைய ரப்பிகள் விளக்கம் சொன்னார்கள். கிழக்கு ஐரோப்பியக் குடும்பம் என்றால் ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கைத் துருவி வைப்பார்கள். அது நாக்கில் கசக்காது, மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறும். ‘நாங்கள் காரம் தின்கிறவர்கள்’ என்று சொல்லி முதல் வருஷம் ஒரு கரண்டி நிறைய எடுத்தேன். கண்ணில் நீர் கொட்டி, மூச்சு வர அரை நிமிஷம் ஆனது. எதிரில் இருந்த பாட்டியம்மா தலையை ஆட்டி, ‘சரியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாய்’ என்றார். மிளகாய்க் காரம் வேறு, இது வேறு. கொஞ்சமாக எடுங்கள்.

ஹரோசெட் என்பது அந்தக் கசப்போடு சேர்த்துத் தின்னும் இனிப்பு. பார்ப்பதற்குச் சேறு போல இருக்கும். இருக்கவும் வேண்டும், அது செங்கல்லுக்குக் குழைத்த களிமண். ஐரோப்பிய யூதர் ஆப்பிள், வால்நட், பட்டைப்பொடி, இனிப்பு ஒயின் சேர்த்துச் செய்வார்கள். ஈராக்கிய யூதர் பேரீச்சம்பழப் பாகில் வால்நட் தூவுவார்கள். அடிமை வேலையின் சேற்றை ஏன் இவ்வளவு தித்திப்பாகச் செய்ய வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டது. அதற்கு அந்த மேசையில் நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள். தல்மூதிலேயே இரண்டு பதில் இருக்கிறது. ஒருவர் களிமண் என்கிறார், இன்னொருவர் எகிப்தில் பெண்கள் மறைவாகப் பிள்ளை பெற்ற ஆப்பிள் மரத்தின் நினைவு என்கிறார்.

அப்புறம் எலும்பும் வறுத்த முட்டையும். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். வேதத்தில் சொன்ன மூன்றில் முதலாவது ஆடு. ஆனால் மேசையில் ஆடு இல்லை, எலும்பு மட்டும் இருக்கிறது, அதையும் யாரும் தொடமாட்டார்கள். பஸ்கா ஆட்டை எருசலேம் ஆலயத்தில் பலியிட வேண்டும். கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை இடித்தார்கள். பண்டிகையின் நடு உணவே ஒரே நாளில் போயிற்று. அப்போது அந்தச் சமூகம் செய்தது என்னை வியக்க வைக்கிறது. பலி போன இடத்தில் பேச்சை வைத்தார்கள். ரப்பான் கமாலியேல் என்ற ஆசான் சொன்னதாக, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் இருக்கிறது: பஸ்காவில் பெசாஹ் (பஸ்கா ஆடு), மாட்சா, மாரோர் என்ற இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லாதவர் கடமையை நிறைவேற்றியவர் ஆகமாட்டார். தின்றால் மட்டும் போதாது, ஏன் தின்கிறோம் என்று சொல்ல வேண்டும். இப்போதும் மாட்சாவையும் மாரோரையும் கையில் எடுத்துக் காட்டிச் சொல்வார்கள். எலும்பை மட்டும் எடுக்கமாட்டார்கள். ஆலயப் பலிக்கு இதுதான் மாற்று என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் சும்மா பார்த்துக்கொண்டே சொல்வார்கள். ஐரோப்பிய வழி வந்தவர்கள் அன்றிரவு சுட்ட ஆட்டிறைச்சியே சாப்பிடுவதில்லை. பழைய இஸ்ரவேல் மரபைப் பின்பற்றும் சிறு சமூகமான சமாரியர்கள் மட்டும் இன்றும் நாப்லுஸ் அருகே கெரிசீம் மலையில் வருஷா வருஷம் ஆடு பலியிட்டுப் பழைய முறைப்படி பஸ்கா கொண்டாடுகிறார்கள்.

நீங்கள் சைவம் என்றீர்களே, எலும்புக்குப் பதில் பீட்ரூட் வைக்கும் சைவ யூத வீடுகள் உண்டு. அதுவும் புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. தட்டில் வைக்கும் இரண்டு பதார்த்தங்கள் எவை என்ற விவாதத்தில் தல்மூதிலேயே ரப் ஹூனா என்ற ஆசான் பீட்டும் அரிசியும் போதும் என்கிறார். விருந்தில் சூப், மீன், மாட்டிறைச்சி என்று வரும். காய்கறிகள், உருளைக்கிழங்கு, சாலட் கட்டாயம் இருக்கும். மாட்சா உருண்டை சூப் பெரும்பாலும் கோழிச் சாற்றில் செய்வது, உருண்டையில் முட்டை உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சங்கடப்பட வேண்டாம், சாப்பாட்டு விதிகளோடு வாழ்கிறவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

சரி, இட்லி. பஸ்கா நாட்களில் ஹமேட்ஸ், அதாவது புளித்த தானியப் பொருள், வீட்டில் இருக்கவே கூடாது. பல வாரம் முன்பே சுத்தம் தொடங்கும். அலமாரி, கார் சீட் இடுக்கு, பள்ளிக்கூடப் பை என்று எல்லாவற்றையும் உதறுவார்கள். முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி, மரக்கரண்டி, இறகு ஆகியவற்றோடு வீட்டை ஒருமுறை தேடுவார்கள். தேடுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமே என்று, பத்து ரொட்டித் துண்டுகளை முன்னாலேயே ஒளித்து வைப்பதும் உண்டு. மறுநாள் காலை கிடைத்ததை எரிப்பார்கள். பாத்திரம்கூட வேறு. இந்தச் சமையலறைக்குள் வெளியில் சமைத்த எதுவும் போகக் கூடாது. இட்லி மட்டுமில்லை, பாயசமும் வேண்டாம்.

ஆனால் இட்லி மாவு ஹமேட்ஸா? ரப்பிகளின் சட்டப்படி ஹமேட்ஸ் ஆகக்கூடியவை கோதுமை, பார்லி முதலிய ஐந்து தானியங்கள் மட்டுமே. அரிசி போன்றவை புளித்தால் அது புளிப்பு ஆகாது, கெட்டுப்போவது என்று தல்மூது வகைப்படுத்துகிறது. ஆகவே சட்டத்தின் எழுத்துப்படி இட்லி ஹமேட்ஸ் இல்லை! ஆனாலும் இடைக்காலத்திலிருந்து ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர் அரிசி, பருப்பு, பயறு, சோளம் எல்லாவற்றையும் பஸ்காவில் விலக்கி வந்தார்கள். ஸ்பெயின் வழி வந்தவர்களும் கிழக்கத்திய யூதர்களும் பெரும்பாலும் அரிசி சாப்பிடுவார்கள். 2015-இல் அமெரிக்காவில் யூத மதத்தின் கன்சர்வேடிவ் என்ற பிரிவைச் சேர்ந்த ரப்பிகள், அஷ்கெனாசிகளும் இவற்றைச் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பல குடும்பங்கள் இன்னும் பாட்டி வழக்கத்தை விடவில்லை. நம் சமையலில் மறைந்திருக்கும் ஹமேட்ஸ் ஒன்றும் உண்டு: கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டாலும் போச்சு.

கையில் பூ எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ‘பஸ்காவுக்கு உகந்த கோஷர்’ (கோஷர் என்றால் யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது) என்று முத்திரை உள்ள ஒயின். அன்று ஆளுக்கு நாலு கிண்ணம் குடிக்க வேண்டும், யாத்திராகமத்தில் கடவுள் சொன்ன நாலு வாக்குறுதிகளுக்காக. திராட்சைச் சாறும் ஆகும். பரம ஏழைக்கும் தர்மப் பணத்திலாவது நாலு கிண்ணம் கொடுக்க வேண்டும் என்கிறது மிஷ்னா. குடிக்கும்போது இடப்பக்கம் சாய்ந்துகொள்வார்கள், சுதந்திர மனிதர்கள் அந்தக் காலத்தில் அப்படிச் சாய்ந்துதான் விருந்துண்டார்கள். பத்து வாதைகளின் பேரைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு சொட்டு ஒயினை எடுத்துத் தட்டில் விடுவார்கள். நம் விடுதலைக்காக எகிப்தியர் பட்ட துன்பத்தை நினைத்து நம் கிண்ணம் கொஞ்சம் குறைய வேண்டும் என்பது பல வீடுகளில் சொல்லும் காரணம். முதன்முறை அதைப் பார்த்தபோது, வெள்ளைத் தட்டின் ஓரத்தில் பத்துச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பஸ்கா நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கொச்சி யூதர் பல வாரம் முன்பே வீட்டுக்கு வெள்ளையடித்து, தனிப் பாத்திரங்களை எடுத்து, அரிசியைக் கவனமாகப் பொறுக்கித் தயாராகி வந்தார்கள். கொங்கண் கரையில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் என்ற யூதரிடம் பல நூற்றாண்டு எபிரேயப் புத்தகமே இல்லை. பஸ்கா என்ற பேரும் மறந்து போயிற்று. ஆனால் அந்த நாளில் புளிப்புச் சாடியை மூடி வைப்பதை மட்டும் விடவில்லை. மராத்தியில் அந்தப் பண்டிகைக்கே சாடியை மூடும் பண்டிகை என்று பேர் வைத்திருந்தார்கள். கதை தொலைந்த பிறகும் சமையலறை அதை ஞாபகம் வைத்திருந்தது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு வீட்டில் அரிசியும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல் பெசஹா அப்பம் செய்து, குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்கிறாரே, அந்தப் பேரிலும் பெசாஹ் இருக்கிறது.

இதே விதிகளை மீற வேண்டி வந்த ஒரு பஸ்காவும் உண்டு. 1944-இல் பெர்கன்-பெல்சன் நாஜி முகாமில் மாட்சா கிடைக்கவில்லை, கிடைத்த ரொட்டியைத் தின்னாவிட்டால் சாவு. அங்கிருந்த ரப்பிகள் ஹமேட்ஸ் தின்பதற்கு முன் சொல்ல ஒரு ஜெபம் எழுதினார்கள். மாட்சா தின்று உம் கட்டளையைக் காக்கவே விரும்புகிறோம், அடிமைத்தனம் எங்களைத் தடுக்கிறது, கட்டளைகளால் வாழ வேண்டும் என்று நீர் சொன்னதால் வாழ்வதற்காக இதைத் தின்கிறோம் என்பது அதன் சாரம். அங்கேயும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். சில வீடுகளில் செடர் அன்று அதை வாசிப்பார்கள். வாசித்தால் அமைதியாகக் கேளுங்கள்.

விருந்து முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். தொடக்கத்தில், மேசையில் அடுக்கி வைத்த மூன்று மாட்சாவில் நடுவில் இருப்பதை இரண்டாக உடைத்து, பாதியை ஒளித்து வைத்திருப்பார்கள், அதன் பேர் அஃபிகோமன். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்தால் பரிசு. அது திரும்பி வராமல் செடர் முடியாது, பெரியவர்கள் பேரம் பேசியாக வேண்டும். உங்கள் பிள்ளைகளையும் தேட விடுங்கள். அப்புறம் எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறப்பார்கள், அவருக்கென ஊற்றிய கிண்ணம் மேசையில் இருக்கும். பாட்டு உண்டு. ‘அடுத்த வருஷம் எருசலேமில்’ என்று முடிப்பார்கள்.

அஃபிகோமன் துண்டுதான் அன்றைய கடைசிச் சாப்பாடு. அதற்குமேல் எதையும் தின்பதில்லை, மாட்சாவின் ருசி வாயில் தங்க வேண்டும் என்று. காரில் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் மிட்டாயை மறுநாள் கொடுங்கள். வண்டியில் ஏறும் முன் அண்ணாந்து பாருங்கள். யூத மாதம் நிலாவைக் கொண்டு எண்ணுவது, வசந்தம் தவறாமல் இருக்க 19 வருஷத்துக்கு 7 அதிக மாதம் சேர்த்துக்கொள்கிறார்கள். செடர் நடப்பது நிசான் மாதம் 15-ஆம் இரவு. மேகம் இல்லாவிட்டால் முழு நிலா இருக்கும்.